கெராமா தெரிந்த மேடு

ஜப்பானின் ஒகினாவா தீவிலுள்ள நாஹா நகரத்து மோனோரயிலில் ஒமோரோமாச்சி நிலையத்தில் இறங்கினால் கண்ணில் படுவதெல்லாம் பெரிய கடைகளும் அடுக்குமாடிகளும்தான். அவற்றுக்கு நடுவே புல் முளைத்த ஒரு சின்ன மேடு, அதன்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. படியேறினால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். சுற்றியுள்ள தரையிலிருந்து 15 மீட்டர், மிஞ்சிப்போனால் 20 மீட்டர் இருக்கும். மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். குன்று என்பதே கொஞ்சம் தாராளம்தான்.

1945 மே மாதத்தில் இந்த மேட்டைப் பிடிக்க கடல்வழி வந்து இறங்கித் தாக்கும் அமெரிக்க மரைன் படைக்கு ஒரு வாரம் ஆனது. ரெஜிமென்ட் எனப்படும், சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகள் இரண்டு இதில் கரைந்தன. பசிபிக் போரைப் பற்றி எழுதும் எவரும் இதன் பெயரைச் சொல்லாமல் நகர்வதில்லை. ஐந்து மாடிக் கட்டடத்தின் அளவே உயரமுள்ள ஒரு மண்மேடு எப்படி இவ்வளவு முக்கியமான இடமாயிற்று? அது பிடிபட்ட பிறகு என்ன நடந்தது? முதல் கேள்விக்கு நிறையப் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை, குன்றின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை.

முதலில் பெயர். ஒகினாவா மக்கள் இதைக் 'கிராமா சீஜி' என்றார்கள். சீஜி என்றால் அவர்கள் பேச்சில் உச்சி. மேற்கே கடலில் இருக்கும் கெராமா தீவுக்கூட்டம் இங்கிருந்து தெரியும், அதனால் அந்தப் பெயர். ஜப்பானியப் படை வந்ததும் கடல்மட்டக் கணக்கை வைத்து 'அசாட்டோ 52 மீட்டர் மேடு' ஆயிற்று. 'சுரிபாச்சி மேடு' என்றும் சொன்னார்கள். சுரிபாச்சி என்பது எள் அரைக்கிற, உள்ளே வரிவரியாக இருக்கும் மண்கிண்ணம். அதைக் கவிழ்த்து வைத்தது போல் இருந்ததாம். (இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடி ஏற்றிய படத்தால் உலகப்புகழ் பெற்ற மலைக்கும் இதே பெயர்தான். அது வேறு தீவு, வேறு மலை.) அமெரிக்கர்கள் வைத்த பெயர் சுகர்லோஃப். சர்க்கரையைக் கூம்பு அச்சில் வார்த்து விற்ற காலத்தில் அந்தக் கூம்புக்கு வழங்கிய பெயர் அது. நாம் அச்சு வெல்லம் என்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. கரும்பு விளைவித்துக் கருப்பு வெல்லம் காய்ச்சும் தீவில் போய் இந்தப் பெயர் விழுந்தது தற்செயல்தான்.

அடித்துக்கொண்ட இரண்டு படைகளுமே சமையலறையிலிருந்து பெயர் எடுத்திருக்கின்றன. இருவரும் தூரத்தில் நின்று மேட்டின் உருவத்தைப் பார்த்தவர்கள். உச்சியில் நின்று, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்துப் பெயர் வைத்தவர்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே.

சரி, இந்த மேடு எதற்கு யாருக்குத் தேவைப்பட்டது?

ஒகினாவா, ஜப்பானின் தெற்குப் பெருந்தீவான கியூஷூவிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர் தெற்கே, பசிபிக்குக்கும் கிழக்குச் சீனக் கடலுக்கும் இடையில் நீளும் தீவு. ஜப்பானின் பெருந்தீவுகளில் இறங்கத் திட்டமிட்ட அமெரிக்காவுக்கு விமானத் தளமும் துறைமுகமும் வேண்டியிருந்தன. ஜப்பானியத் தலைமைக்குத் தேவைப்பட்டது கால அவகாசம். தீவைக் காத்த 32ஆம் படையின் தளபதி உஷிஜிமா மித்சுருவிடம் இருந்த வீரர்கள் சுமார் ஒரு லட்சம். அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளூரில் பிடித்துச் சேர்க்கப்பட்டவர்கள். அவருடைய மிகச் சிறந்த பிரிவான 9ஆம் டிவிஷனை 1944 கடைசியில் மேலிடம் தைவானுக்கு அனுப்பிவிட்டது. அதற்கு ஈடாக வேறு எதுவும் வரவில்லை.

அந்த நிலையில் அவருடைய போர்த்திட்ட அதிகாரி கர்னல் யஹாரா ஹிரோமிச்சி ஒரு முடிவுக்கு வந்தார். கடற்கரையில் நின்று மோத வேண்டாம், வருபவர்களை வரவிடலாம், தெற்கே ஷூரி கோட்டையைச் சுற்றியுள்ள மேடுகளைக் குடைந்து உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நாள் இழுக்க முடியுமோ இழுக்கலாம் என்பது அவர் கணக்கு. ஏப்ரல் 1ஆம் தேதி ஹாகுஷி கரையில் முதல் நாளிலேயே 60,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது இதனால்தான். அவர்களுக்கே அது புரியாத புதிராக இருந்தது. ஜப்பானியர் ஆடும் 'கோ' பலகை விளையாட்டில் பெரிய இடத்தைக் காக்கத் தெரிந்தே பறிகொடுக்கும் காய்க்கு 'சுதேயிஷி' என்று பெயர். ஒகினாவா மக்கள் தங்கள் தீவைப் பற்றி இன்றுவரை கசப்போடு சொல்லும் சொல் அது.

ஷூரி அரணின் கிழக்கு முனை கூம்பு மேடு என்று அமெரிக்கர்கள் பெயரிட்ட உயரமான குன்று. மேற்கு முனையில் அப்படி எதுவும் இல்லை. நாஹாவுக்கு வடக்கே அசாட்டோ கிராமத்தை ஒட்டி சின்னச் சின்ன மேடுகளே இருந்தன. அவற்றைத் தாண்டிவிட்டால் அசாட்டோ ஆறு, ஆற்றைத் தாண்டினால் ஷூரியின் விலாவுக்குள் புகுந்துவிடலாம். இந்தப் பாதையை அடைக்கக் கிடைத்தது கிராமா சீஜிதான். அதை முக்கியமாக்கியது நிலம் அல்ல, ஷூரி கோட்டைக்கு அடியில் இருந்த படைத் தலைமைச் சுரங்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு.

அங்கே காவல் வைக்கப்பட்டது 44ஆம் கலப்புப் பிரிகேட். இந்தப் பிரிகேட் தீவுக்கு வந்ததே ஒரு சோகக் கதை. 1944 ஜூன் 29 அன்று இதன் வீரர்களை ஏற்றி வந்த தோயாமா மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடலில் போனார்கள். ஓட்டையை அடைக்க 15ஆம் ரெஜிமென்ட்டை அவசர அவசரமாக விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னாளில் சுகர்லோஃபில் மரைன்கள் எதிர்கொண்டது இவர்களைத்தான்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குன்றின் ரகசியம் அதில்தான் இருக்கிறது. மூன்று மேடுகளை ஒரு அம்புமுனை போல நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கிய நுனியில் சுகர்லோஃப். பின்னால் ஒரு பக்கம் அரைநிலா மேடு, மறுபக்கம் குதிரைலாட மேடு. பெயர்கள் அமெரிக்கர் வைத்தவை. லாடத்தின் உள்வளைவுப் பள்ளத்தில் மோர்ட்டார்கள் (குண்டை மேலே எறிந்து வளைந்து விழவைக்கும் சிறு பீரங்கிகள்) ஒளிந்திருந்தன. வெளியிலிருந்து நேராகச் சுட்டு அவற்றைத் தொட முடியாது. மூன்று மேடுகளும் சுரங்கத்தால் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் ஏறுபவனை மற்ற இரண்டிலிருந்தும் சுடலாம். போதாததற்கு, கிழக்கே உயரத்தில் இருந்த ஷூரி பீரங்கிகளுக்கு இந்த இடம் முழுவதும் உள்ளங்கை போலத் தெரிந்தது.

அப்புறம் பின்சரிவு. எதிரி வரும் பக்கத்துச் சரிவில் பெரிதாக ஆள் வைக்காமல், முதுகுப் பக்கத்தில் குழிகளையும் குகைகளையும் வைத்தார்கள். கப்பல்களும் பீரங்கிகளும் விமானங்களும் முன்பக்கத்தை எவ்வளவு உழுதாலும் பின்னால் இருப்பவன் சுரங்கத்தில் பத்திரமாக இருப்பான். குண்டுவீச்சு நின்றதும் வெளியே வருவான். அதற்குள் மரைன்கள் உச்சியில் ஏறியிருப்பார்கள். ஏறினால் பதுங்க இடமில்லை, தோண்ட நேரமில்லை, மூன்று பக்கமும் துப்பாக்கி. ஆக, இந்தக் குன்றில் ஏறுவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. ஏறியவர்களால் அங்கே இருக்க முடியவில்லை. போரில் உயரம் என்றால் பலம் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழான பாடம்.

மரைன் 6ஆம் டிவிஷன், மேஜர் ஜெனரல் லெமுவேல் ஷெப்பர்ட் தலைமையில், மே 12 அன்று இந்த மேட்டைத் தொட்டது. அன்று 22ஆம் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி, அதாவது அதன் சிறு பிரிவு ஒன்று, டாங்கிகளோடு வந்தபோது, எதன்மேல் ஏறுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. வழியில் இருக்கும் எத்தனையோ மேடுகளில் ஒன்று, அவ்வளவுதான். உச்சியைத் தொட்டவர்கள் நிறையப் பேரைப் பறிகொடுத்துவிட்டு இறங்கினார்கள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே கதை.

மே 14 இரவு, அந்தக் கம்பெனி சேர்ந்த பட்டாலியனின் இரண்டாம் நிலை அதிகாரி மேஜர் ஹென்றி கோர்ட்னி மிச்சமிருந்த சில பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு இருட்டில் மேலே போனார். கையெறிகுண்டுகளை வீசிக்கொண்டே உச்சியைப் பிடித்தார்கள். விடிவதற்குள் ஒரு மோர்ட்டார் குண்டு கோர்ட்னியைக் கொன்றது. காலையில் எஞ்சியவர்கள் கீழே இறக்கப்பட்டார்கள். அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் இறந்தபின் கிடைத்தது. குன்று கிடைக்கவில்லை.

மே 16 அன்று 22ஆம், 29ஆம் ரெஜிமென்ட்கள் இரண்டும் முழுப் பலத்தோடு மோதித் தோற்றன. தீவில் தாங்கள் கண்ட மிகக் கசப்பான நாள் என்று டிவிஷன் அதைப் பதிவு செய்தது. 17ஆம் தேதி 29ஆம் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி உச்சிக்குப் போய்ப் போய்த் தள்ளப்பட்டது.

18ஆம் தேதி குன்று விழுந்த விதம், முந்தைய நாட்களில் என்ன தவறு நடந்தது என்பதையும் காட்டிவிடுகிறது. அன்று டாங்கிகள் மேட்டின் பக்கவாட்டில் சுற்றிப் பின்சரிவு தெரியும் இடத்துக்குப் போய்விட்டன. பீரங்கி நின்றதும் ஜப்பானியர்கள் வழக்கம்போல் குகையிலிருந்து ஓடிவந்தபோது டாங்கிகளின் துப்பாக்கி முனையில் வந்து நின்றார்கள். கேப்டன் ஹோவர்ட் மேபியின் டி கம்பெனி உச்சியில் ஏறியது, இந்த முறை இறங்கவில்லை. முன்பும் டாங்கிகளைச் சுற்றி அனுப்பப் பார்த்தவர்கள்தான். கண்ணிவெடிகளும் பக்கத்து மேடுகளின் பீரங்கிகளும் விடவில்லை. ஒரு வாரம் அடித்து அடித்து அந்தப் பக்கத்துப் பலம் தேய்ந்த பிறகே வழி திறந்தது.

இங்கே ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுகர்லோஃப் பற்றி எங்கே படித்தாலும் '2,662 பேர் பலி அல்லது காயம், 1,289 பேர் போர்க்களச் சோர்வு' என்ற கணக்கு வரும். குன்றின் பெயருக்கு நேராக அதை எழுதிவிடுவார்கள். அமெரிக்க ராணுவம் வெளியிட்ட வரலாற்று நூலின்படி அது குன்று பிடிபட்ட நாள் வரையிலான பத்து நாளில் மொத்த டிவிஷனும் இழந்த கணக்கு. குன்றுக்கு வரும் வழியில் வடக்கே ஆசா ஆற்றைக் கடந்ததில் விழுந்தவர்களும் அரைநிலா மேட்டில் விழுந்தவர்களும் அதில் அடக்கம். 15 மீட்டர் மேட்டுக்கு 2,662 பேர் என்று எழுதினால் வாசிப்பவர் திடுக்கிடுவார், உண்மைதான். ஆனால் மூன்று மேடும் ஒரே இயந்திரமாக வேலை செய்தன என்ற முக்கியமான விஷயம் அதில் மறைந்துவிடுகிறது. அரைநிலா மேட்டை மரைன்கள் முழுதாகப் பிடிக்கவே இல்லை. ஷூரியிலிருந்து ஜப்பானியர் பின்வாங்கும் வரை அதன் ஒரு பகுதி அவர்களிடமே இருந்தது.

அந்த 1,289 என்ற எண் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. உடம்பில் காயமில்லாமல் களத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள் அவர்கள். பலியானவர்களும் காயப்பட்டவர்களும் சேர்ந்த எண்ணிக்கையில் பாதி அளவுக்கு மனம் உடைந்தவர்கள் என்றால், அந்தக் குழிகளில் இரவு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு 19 வயதுப் பையன். கார்ப்பரல் ஜேம்ஸ் டே மே 14 முதல் 17 வரை ஒரு குண்டுக்குழியை விட்டு நகராமல் தாக்குதல்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். பெரும்பாலான நேரம் கூட இருந்தவர் ஒரே ஒருவர்தான். குழியைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய உடல்கள் கிடந்ததாக விருதுக் குறிப்பு சொல்கிறது. விருதுக்கான பரிந்துரைக் காகிதங்கள் போர்க் குழப்பத்தில் தொலைந்தன. அவர் படையிலேயே தொடர்ந்து மேஜர் ஜெனரலாக உயர்ந்து, ஒகினாவாவிலிருந்த மரைன் தளங்களுக்கே தளபதியாக வந்து, ஓய்வும் பெற்றார். பழைய கார்பன் நகல்கள் பிறகு எங்கிருந்தோ கிடைத்து, 1998 ஜனவரியில் அதிபர் கிளின்டன் கையால் மெடல் ஆஃப் ஹானர் வாங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார்.

இத்தனை பேரைக் கொடுத்து நேருக்கு நேர் மோதத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. தென்கரையில் இன்னொரு படையை இறக்கி ஷூரியின் முதுகுப் பக்கம் போயிருக்கலாம் என்று மரைன் தளபதிகள் சொன்னார்கள், அமெரிக்கப் பத்திரிகைகளிலும் அந்த விமர்சனம் வெடித்தது. ஒகினாவாவில் இறங்கிய அமெரிக்க 10ஆம் படையின் தளபதி ஜெனரல் பக்னர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கரையில் பவளப் பாறைகள் அதிகம், இறங்கும் படைக்குச் சோறும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்பது அவர் வாதம். அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸும் அவர் பக்கமே நின்றார். பக்னர் சொன்ன சிரமம் மெய்தான். ஆனால் யஹாரா விரும்பியதும் இதேதான்: அமெரிக்கர்கள் அரணின் முகத்தில் வந்து மோத வேண்டும், நாட்கள் ஓட வேண்டும். அந்த வகையில் சுகர்லோஃப் வாரம் யஹாராவின் கணக்குப்படியே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கணக்கின் மறுபக்கம்தான் இரண்டாவது கேள்வி. மேற்கு முனையும் கிழக்கு முனையும் போனதும் ஷூரியை அமெரிக்கர்கள் இருபக்கமும் வளைக்கும் நிலை வந்தது. மே 22 அன்று உஷிஜிமா தன் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார். ஷூரியிலேயே கடைசிவரை நின்று சண்டையை முடிப்பதா, தெற்கே பின்வாங்கி இன்னும் இழுப்பதா? பின்வாங்குவது என்று முடிவாயிற்று. கொட்டும் மழையில், மே மாதக் கடைசியில், படை ஷூரியிலிருந்து நழுவி தீவின் தென்கோடிக்குப் போனது. மே 29 அன்று மரைன்கள் கோட்டைக்குள் நுழைந்தபோது பெரும்பகுதி காலி.

தென்கோடி ஆளில்லாத பொட்டல் அல்ல. வடக்கே சண்டை நடக்கிறதே என்று வீட்டை விட்டு ஓடிய மக்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கேதான் குகைகளில் ஒண்டியிருந்தார்கள். இப்போது படையும் அங்கே, அதைத் துரத்தும் குண்டும் அங்கே. ஜப்பானிய வீரர்கள் குகைகளிலிருந்து மக்களை வெளியேற்றி இடம் பிடித்த சாட்சியங்கள் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. ஒகினாவாவில் இறந்த பொதுமக்கள் சுமார் 94,000 பேர் என்பது மாகாண அரசின் கணக்கு. அதில் பெரும்பங்கு ஷூரியைக் கைவிட்ட பிறகு, அந்தச் சில வாரங்களில் நேர்ந்தது. ஒப்பிட, ஒகினாவாப் போர் முழுவதிலும் இறந்த அமெரிக்கர்கள் 12,000 பேருக்குக் கொஞ்சம் மேல்.

குன்றிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், அசாட்டோவில், அப்போது இரண்டு பெண்கள் பள்ளிகள் ஒரே வளாகத்தில் இருந்தன. ஒன்று ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி, மற்றது மாகாண முதல் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. மார்ச் 23 அன்று அங்கிருந்து 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும் ஹாயேபாருவிலிருந்த ராணுவ மருத்துவமனைக்குத் தாதி வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஹிமெயூரி மாணவிகள் என்று ஜப்பான் முழுக்க அறிந்த கூட்டம் அது. மருத்துவமனையும் படையோடு தெற்கே நகர்ந்தது. ஜூன் 18 அன்று, 'உங்கள் பணி முடிந்தது, இனி அவரவர் பாடு' என்ற பொருளில் உத்தரவு வந்தது. சண்டை நடக்கும் இடத்துக்கு நடுவே அந்தப் பெண்களைக் குகைக்கு வெளியே அனுப்பினார்கள். 240 பேரில் 136 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த உத்தரவுக்குப் பிந்தைய சில நாட்களில். அதே ஜூன் 18 அன்றுதான் பக்னரும் களத்தில் ஒரு பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். ராணுவ வரலாறுகளில் அந்தத் தேதி அவர் பெயரால் நினைக்கப்படுகிறது. நாலு நாள் கழித்து உஷிஜிமா தென்முனைக் குகையில் தற்கொலை செய்துகொண்டார். யஹாரா பிழைத்தார்.

கெராமாவையும் விட்டுவிட முடியாது. குன்றுக்குப் பெயர் தந்த அந்தத் தீவுகளில்தான் ஒகினாவாப் போரே தொடங்கியது. மார்ச் 26 அன்று அமெரிக்க 77ஆம் டிவிஷன் அங்கே இறங்கி, கப்பல்களில் மோதவென்று ஒளித்து வைத்திருந்த 350க்கும் மேற்பட்ட தற்கொலைப் படகுகளைக் கைப்பற்றியது. அமெரிக்கக் கடற்படை அங்கேயே நங்கூரமிட்டுக்கொண்டது. அமெரிக்கரிடம் பிடிபட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தைத் தீவு மக்களுக்கு ஊட்டி வளர்த்திருந்தார்கள். ஜப்பானியப் படையினர் முன்கூட்டியே கையெறிகுண்டுகளும் கொடுத்திருந்தார்கள். ஸமாமி, தோகாஷிகி தீவுகளில் நூற்றுக்கணக்கான பேர் குடும்பம் குடும்பமாகத் தங்களையும் பிள்ளைகளையும் மாய்த்துக்கொண்டார்கள்.

போருக்குப் பின் குன்று சும்மா கிடக்கவில்லை. 1953இல் அமெரிக்க ராணுவம் மெகாரு, அமெகு கிராமங்களின் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துத் தன் வீரர்களின் குடும்பங்களுக்குக் குடியிருப்பு கட்டியது. 190 ஹெக்டேருக்கு மேல். 1972இல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியபோதும் இந்த நிலம் உடனே முழுதாகத் திரும்பவில்லை, 1987 வரை ஆனது. பிறகுதான் புதிய நகர்ப்பகுதி எழுந்தது, 2003இல் மோனோரயில் வந்தது, 2007இல் மாகாண அருங்காட்சியகம் திறந்தது. ஒமோரோமாச்சி என்ற பெயரே புதிது. ரியூக்யூ அரசர் காலத்துப் பாடல் தொகுப்பான ஒமோரோ சோஷியிலிருந்து எடுத்தது. அடுத்த நிலையம் அசாட்டோ. அங்கே ஹிமெயூரி பள்ளி வளாகம் இருந்த இடத்தில் இப்போது சாக்காயேமாச்சி சந்தை இருக்கிறது. குறுகலான சந்துகளில் பகலில் மீனும் காய்கறியும், இரவில் குடிக்கடைகள்.

சுகர்லோஃபுக்குத் தண்ணீர்த் தொட்டியாவது காவலுக்கு இருக்கிறது. அரைநிலா மேட்டுக்கு அதுவும் இல்லை. அது இருந்த மகாபி பகுதியில் மனை பிரிக்கும் வேலை நடந்தபோது, போரில் இறந்தவர்களின் எலும்புகளைத் தேடும் தன்னார்வலர்கள் புல்டோசருக்கு முன்னால் போய்த் தோண்ட அனுமதி கேட்டார்கள். 2009இல் வேலையிழந்தவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு நிதியிலிருந்து கூலி கொடுத்து அந்த வேலை நடந்தது. 64 ஆண்டுக்குப் பிறகும் மண்ணுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். எடுக்க முடிந்தவர்களை எடுத்தார்கள். அதன்பின் அங்கே வீடுகளும் சாலையும் வந்தன.